பெரியவரே

தண்டையார்ப்பேட்டை தாலுகா ஆபீஸ் காம்பவுண்டு ஓரம்
ஜெராக்ஸ் கடையின் தகர நிழலில் என் நாற்காலி.
மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்,
வெள்ளைத்தாள், கார்பன், எழுத்துப்பிழை எல்லாம் சேர்த்து.

கன்னியப்பன் வந்தது பெருமழைக்கு மறுநாள்.
கொருக்குப்பேட்டையில் இன்னும் கணுக்கால் தண்ணீர்.
தூக்கிக் கட்டிய லுங்கி,
வலது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பை,
பைக்குள் ஸ்டான்லியில் சுற்றிவிட்ட கட்டு.
'முதியோர் பணம். எழுதுப்பா.'

'இன்னா வயசு?'
கேட்கும்போதே பேனா அறுபத்தெட்டை எழுதத் தொடங்கியிருந்தது.
ஆதாரை எடுத்து நீட்டினார்.
ஜனவரி ஒன்று.
எங்கள் பக்கம் பாதிப்பேர் பிறந்த தேதி அதுதான்.
விரல் விட்டு எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.
ஐம்பத்துமூன்று.

துறைமுகத்தில் கரி இறக்கியது பதினேழு வருஷம்.
கரி நின்ற பிறகு கூட்ஸ் யார்டில் சிமெண்ட் மூட்டை.
உள்ளே ரெண்டும் சேர்ந்து கெட்டியாயிடுச்சு என்று
நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.
இருமினால் ரோடு போடுகிற சத்தம்.
சர்க்கரை ஒரு விரலைக் கொண்டுபோயிருந்தது.
ஒரு விரலுக்கு நாற்பது சதவீதம் வராது,
அதனால் அந்த மனுவும் போட முடியாது.
ஒன்பதாவது படிக்கும் மகனைச் சேர்க்கப் போனபோது
'பேரனா?' என்றாளாம் டீச்சர்.
ஆமான்னுட்டேன், இன்னாத்துக்கு அவகிட்ட தகராறு.

'எழுவதுன்னு போடேன்.'
'ஆதார் ஒத்துக்காது.'
'மூஞ்சி ஒத்துக்கும்பா.'

உள்ளே மின்விசிறிக்கு நேர் கீழே அதிகாரி.
அடுத்த மே மாதம் ஓய்வு.
காதோரம் மட்டும் கொஞ்சம் வெள்ளை.
மணிக்கட்டில் கறுப்புக் கடிகாரம் அடிகளை எண்ணுகிறது.
காலையில் பூங்காவில் ஆறாயிரம் முடிந்ததாம்,
இருட்டுவதற்குள் இன்னும் நாலாயிரம் பாக்கியாம்;
பியூனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.
மேஜையில் சீரகத் தண்ணீர்,
பல் டாக்டரின் சீட்டு, கண் டாக்டரின் சீட்டு.
கப்பலுக்கும் குடோனுக்கும் நடுவே
மூட்டையோடு நடந்த அடிகளை எண்ண
யாரும் எதையும் கட்டிவிடவில்லை என்று
எனக்குத்தான் தோன்றியது. கன்னியப்பன்
கடிகாரத்தின் வெளிச்சத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார்.
மனுவைப் படித்தார்.
ஆதாரைப் படித்தார்.
ஆளைப் பார்க்க நிமிர்ந்தார்.

'உங்களுக்கு இன்னும் வயசாகலையே, பெரியவரே.'

ஆறு வருஷம் மூத்தவர் இளையவரிடம் சொன்ன சொல்
பேப்பர்வெயிட் மாதிரி மேஜைமேல் கிடந்தது.
பியூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
'இன்னும் ஏழு வருஷம். அறுபது ஆனதும் வாங்க,
கட்டாயம் செஞ்சு தரேன்.'

'அப்போ நீ இருப்பியா சார்?'
நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

அதிகாரிக்கு மே மாதம் நினைவு வந்திருக்க வேண்டும்.
'நான் இல்லேன்னா என்ன, ஆபீஸ் இருக்கும்.'
இருக்கும் என்று தலையாட்டினார் கன்னியப்பன்.
வேறு யார் இருப்பது பற்றியும் அங்கே பேச்சு வரவில்லை.

வெளியே வந்து முப்பது ரூபாயைத் திருப்பி நீட்டினேன்.
வாங்கவில்லை. அதில் ரெண்டு டீ சொன்னார்,
ரெண்டிலும் சர்க்கரை வேண்டாமென்று,
என்னைக் கேட்காமலே.
கண்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.
தூசி கிளாஸ் விளிம்பில் உட்கார்ந்தது,
ஊதிவிட்டுக் குடித்தோம்.

'நான் எவ்ளோ இருப்பேன்னு நெனைக்கிற?'

காசிமேட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
என் கண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.
'அறுவத்திரெண்டு?'

நாற்பத்தொன்பது என்று திருத்தியிருக்கலாம்.
'கிட்டத்தட்ட' என்றேன்.